வழியுணவு

வழியுணவு என்பது நெடுந்தொலைவு நடந்து செல்வோர் வழியில் உண்பதற்காகத் தம்முடன் சுமந்து செல்லும் உணவு ஆகும். இக்கட்டுரை சைவ உணவு உண்போர் பல நாள் நடைப்பயணத்துக்கு எடையும் பருமனும் குறைந்த வழியுணவைத் திட்டமிடும் முறையை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தென்காசி மாவட்டத்தின் பாவூர்சத்திரம், தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்திலிருந்து தரப்பட்டுள்ளன. சபரிமலைக்கும் திருச்செந்தூருக்கும் நடந்து செல்லும் வழக்கம் உள்ள பகுதி இது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நடைப்பயணம் மேற்கொள்வோருக்கும் இது அடிவாரப் பகுதி.

வழியுணவின் அடிப்படை விதி ஒன்றே. சமைத்த உணவின் எடையில் பெரும்பகுதி நீர். அந்த நீரை வீட்டிலேயே விட்டுவிட்டு, வழியில் கிடைக்கும் நீரைச் சேர்த்துக்கொண்டால் சுமை மூன்றில் ஒரு பங்காகக் குறையும், உணவும் கெடாது. ஆனால் அதன்பின் பயணம் முழுவதும் வழியில் கிடைக்கும் நீரின் அளவையும் தூய்மையையும் சார்ந்ததாகிவிடும்.

பெயர்கள்

பழந்தமிழில் இது ஆற்றுணா எனப்பட்டது. ஆறு என்னும் சொல் இங்கு வழி என்னும் பொருளைத் தரும். கட்டுச்சோறு, கட்டமுது, பொதிசோறு ஆகியன சமைத்த சோற்றை இலையிலோ துணியிலோ கட்டி எடுத்துச் செல்வதைக் குறிக்கும் பெயர்கள். பெரியபுராணத்தில் அப்பருக்குத் திருப்பைஞ்ஞீலி செல்லும் வழியிலும், சுந்தரருக்குத் திருக்குருகாவூர் செல்லும் வழியிலும் இறைவன் பொதிசோறு அளித்த நிகழ்ச்சிகள் இடம்பெறுகின்றன. இவ்விரு தலங்களிலும் அவற்றை நினைவுகூரும் கட்டமுது விழா சித்திரை மாதத்தில் நடைபெறுகிறது.

வழியில் உணவும் உறைவிடமும் கிடைக்கச் செய்யும் அமைப்பு சத்திரம் ஆகும். பாவூர்சத்திரம் போன்ற ஊர்ப்பெயர்களில் இச்சொல் நிலைத்துள்ளது. சத்திரம் உள்ள வழியில் செல்வோர் ஒரு வேளை உணவைச் சுமந்தால் போதும். சத்திரம் இல்லாத காட்டுவழியில் செல்வோர் எல்லா வேளை உணவையும் சுமக்க வேண்டும். எனவே வழியுணவின் அளவை முதலில் முடிவு செய்வது வழியின் தன்மையே.

வழியின் வகைகள்

ஊர்வழி: தைப்பூசத்தையொட்டிப் பாவூர்சத்திரம், தென்காசிப் பகுதி அடியார்கள் திருநெல்வேலி வழியாகத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்கின்றனர். பாவூர்சத்திரத்திலிருந்து இது ஏறத்தாழ 100 கி.மீ. வழிநெடுகக் கடைகளும் அன்னதானப் பந்தல்களும் இருப்பதால் நீரும் சிற்றுண்டியும் மட்டுமே சுமையாகும்.

ஒரு நாள் மலைவழி: சதுரகிரி, வெள்ளியங்கிரி போன்ற மலைகளில் ஏறி இறங்குவது இவ்வகை. இதற்குக் கட்டுச்சோறு பொருந்தும்.

பல நாள் காட்டுவழி: பொதிகை மலையின் அகத்தியர்கூடம் (1868 மீ), சபரிமலையின் எருமேலிப் பெருவழி, இமயமலைத் தடங்கள் ஆகியன இவ்வகை. அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறையின் முன்பதிவு பெற்றுப் போனக்காடு வழியாகச் செல்லும் பயணம் பொதுவாக மூன்று நாள் கொண்டது. வழியில் முகாம்களில் உணவு கிடைக்கும் தடங்களும் உண்டு. கிடைக்காத தடங்களும் உண்டு. இதைப் புறப்படும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இருமுடி

தமிழர் வழக்கில் முறைப்படுத்தப்பட்ட வழியுணவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சபரிமலை செல்வோரின் இருமுடி ஆகும். இது இரு அறைகள் கொண்ட துணிப்பை. முன்முடியில் நெய் நிரப்பிய தேங்காய் உள்ளிட்ட வழிபாட்டுப் பொருள்களும், பின்முடியில் பயணி தனக்கென எடுத்துச் செல்லும் அரிசி முதலிய உணவுப் பொருள்களும் வைக்கப்படும். காட்டுவழியாக மட்டுமே மலையை அடைய முடிந்த காலத்தில், பின்முடியில் இருந்த பொருளே பயணியின் உணவாக இருந்தது. 41 நாள் விரதம் இருப்போர் சைவ உணவே உண்பர் என்பதால் அது முழுமையான சைவ வழியுணவும் ஆகும்.

தமிழகத்திலிருந்து செல்வோரில் பலர் குற்றாலத்தில் நீராடி, செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவு, அச்சன்கோவில் கோவில்களை வணங்கிச் செல்கின்றனர். செங்கோட்டை–புனலூர் தொடர்வண்டிப் பாதை 1904இல் திறக்கப்பட்டது. பின்னர்ச் சாலைப் போக்குவரத்தும் பெருகியது. இன்று பம்பை வரை ஊர்தி செல்வதாலும், சன்னிதானத்தில் அன்னதானம் நடைபெறுவதாலும் பின்முடியின் உணவு பெரும்பாலும் அடையாள அளவாகிவிட்டது.

பின்முடியின் அமைப்பில் மூன்று நல்ல இயல்புகள் உள்ளன. சமைக்காத உலர்பொருளே அதில் இருக்கும். உணவு தீரத்தீரச் சுமை குறையும். ஒருவர் தம் உணவைத் தாமே சுமப்பதால், குழுவிலிருந்து பிரிந்துவிட்டாலும் உணவின்றி இருக்கமாட்டார். இன்றைய முதுகுப்பைப் பயணத்துக்கும் இவை பொருந்தும்.

கட்டுச்சோற்றின் எல்லை

புளியோதரை, எலுமிச்சைச் சோறு, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி ஆகியன வழக்கமான கட்டுச்சோற்று வகைகள். புளியின் அமிலமும் எண்ணெயும் நுண்ணுயிர் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றன. தேங்காய், வெங்காயம், காய்கறி சேர்ப்பதைத் தவிர்ப்பதும் இதனாலேயே. சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்த பின்னரே தீயில் வாட்டிய வாழையிலையில் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் ஆவி நீராகித் தேங்கி, சோறு விரைவில் நைந்துவிடும்.

புளிப்பில்லாத வெண்சோற்றில் ஓர் இடர் உண்டு. பாசில்லசு சீரியசு என்னும் பாக்டீரியத்தின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே காணப்படுகின்றன. அவை சோறு கொதிக்கும் வெப்பத்தையும் தாங்கி உயிர்வாழும். சோறு வெதுவெதுப்பாகப் பல மணிநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சுப்பொருளை உண்டாக்கும். வாந்தியை விளைவிக்கும் அந்நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஊரில் இருக்கும்போது இது பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும் நோய். மருத்துவ உதவிக்கு ஒரு நாள் நடக்க வேண்டிய காட்டில் இதே நோய் நீரிழப்பையும், பயணம் நடுவழியில் தடைப்படுவதையும் விளைவிக்கும். எனவே கட்டுச்சோறு முதல் நாளுக்கு மட்டுமே உரியது. அதை அன்று நண்பகலிலேயே உண்டுவிடுவது நன்று.

எடையும் ஆற்றலும்

கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி ஆற்றலும், மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி ஆற்றலும் தருகின்றன. நீர் ஆற்றல் தருவதில்லை. கீழுள்ள அட்டவணை 100 கிராம் உணவுப் பொருளில் உள்ள அளவுகளை ஏறத்தாழத் தருகிறது.

| பொருள் | ஆற்றல் (கிலோகலோரி) | புரதம் (கிராம்) |
|---|---|---|
| நெய் | 900 | 0 |
| கொப்பரை | 660 | 7 |
| நிலக்கடலை | 565 | 25 |
| எள் | 565 | 18 |
| வெல்லம் | 380 | 1க்கும் குறைவு |
| பொரிகடலை | 370 | 22 |
| பாசிப்பருப்பு | 350 | 24 |
| அவல் | 345 | 7 |
| அரிசி | 345 | 7 |
| வெந்த சோறு | 130 | 2–3 |
| தக்காளி | 20 | 1 |

ஒரு நாளைக்கு 3000 கிலோகலோரியைச் சோற்றின் மூலம் மட்டும் பெற 2.3 கிலோ சோறு வேண்டும்; ஐந்து நாளுக்கு 11.5 கிலோ. அதே ஆற்றலை உலர்பொருள்கள் ஏறத்தாழ 735 கிராமில் தரும். ஐந்து நாளுக்கு 3.7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கொப்பரை, எள், கடலை, நெய் ஆகியவற்றைக் கூட்டினால் எடை மேலும் குறையும். எனினும் கொழுப்பு மெதுவாகவே செரிக்கும் என்பதால் ஏற்றத்துக்கு முன் அதை மிகுதியாக உண்பது உகந்ததன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, கடும் உழைப்பில் ஈடுபடும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 3470 கிலோகலோரியும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 2720 கிலோகலோரியும் தேவை. சுமையுடன் மலையேறுவது கடும் உழைப்பே. ஆகவே 3000 கிலோகலோரித் திட்டத்தைப் பின்பற்றும் ஆண் ஒருவர் நாளொன்றுக்கு 80 கிராம் நிலக்கடலையைக் கூடுதலாக எடுத்துச் சென்றால் தேவை ஏறத்தாழ நிறைவுபெறும்.

உலர் உணவு வகைகள்

அவல்: நெல்லை ஊறவைத்து, வறுத்து, தட்டையாக்கிச் செய்யப்படுவது. இதை மீண்டும் சமைக்க வேண்டியதில்லை. மெல்லிய அவல் சில நிமிடங்களிலும் தடித்த அவல் ஏறத்தாழக் கால் மணிநேரத்திலும் ஊறிவிடும். வெல்லத்துடன் இனிப்பாகவும் புளிக்கரைசலுடன் காரமாகவும் உண்ணலாம்.

வறுத்த மாவுகள்: பொரிகடலை மாவு, பொரியரிசி மாவு, வறுத்த தானியங்களும் பயறுகளும் சேர்த்து அரைத்த சத்துமாவு ஆகியன. பீகாரின் சத்து மாவும், திபெத்தியர் வாற்கோதுமையை வறுத்து அரைக்கும் சாம்பாவும் இதே வகையைச் சேர்ந்தவை. கடைகளில் விற்கும் சத்துமாவு பெரும்பாலும் கஞ்சி காய்ச்சுவதற்கு உரியது. தானியமும் பயறும் நன்கு வறுபடாவிட்டால் அதை வெறும் நீரில் கரைத்து உண்பது செரிமானக் கோளாறை உண்டாக்கும். பச்சைப் பயறுகளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதே இதற்குக் காரணம்.

இனிப்பு உருண்டைகள்: கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை ஆகியன நடந்துகொண்டே உண்ணத் தக்கவை. கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020இலும் உடன்குடி பனங்கருப்பட்டி 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன.

பருப்பும் பொடியும்: துவரம்பருப்பு வேக நெடுநேரம் ஆகும். வறுத்த பாசிப்பருப்பு விரைவில் வேகும். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி ஆகியவற்றை வேகவைக்க வேண்டியதே இல்லை. நன்கு சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் சிறிய அளவிலேயே பல வேளைக்குச் சுவை தரும்.

வற்றல்: சுண்டைக்காய், மணத்தக்காளி, சீனியவரைக்காய், மிதுக்கங்காய் வற்றல்களும் மோர்மிளகாயும் இப்பகுதி வீடுகளில் வழக்கமானவை. தக்காளியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீர் உள்ளதால் 1 கிலோ தக்காளி உலர்ந்தால் 100 கிராமுக்கும் குறைவாகவே எஞ்சும். காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற பாவூர்சத்திரத்தில் மூலப்பொருளுக்குக் குறைவில்லை. காலமே கருத்தில் கொள்ளத்தக்கது. கார்த்திகை, மார்கழியில் மழையும் பனியும் இருப்பதால் வற்றல் போட முடியாது. அப்பருவத்தில் மலைக்குச் செல்வோருக்கு வேண்டிய வற்றலை மாசி முதல் சித்திரை வரையிலான வெயிலிலேயே காயவைத்து எடுத்துவைக்க வேண்டும்.

தொழிற்சாலைத் தயாரிப்புகள்: உறைநிலையில் உலர்த்திய உணவு எடை மிகக் குறைந்தது, ஆனால் விலை மிகுதி. உறையிட்டு வெப்பத்தால் நுண்ணுயிர் நீக்கிய ஆயத்த உணவுகள் கெடுவதில்லை. ஆனால் அவற்றில் நீர் அப்படியே இருப்பதால் எடை குறையாது. 1961இல் மைசூரில் நிறுவப்பட்ட பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் இந்தியப் படையினருக்காக இவ்வகை உணவுகளை உருவாக்கியது.

புரதச் சமநிலை

அரிசி முதலிய தானியங்களின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறுகளில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. அவலுடன் பொரிகடலை, சோற்றுடன் பருப்புப்பொடி என்னும் வழக்கமான சேர்க்கைகள் இத்தேவையை நிறைவேற்றுகின்றன. வட அமெரிக்கப் பழங்குடியினரின் பெமிக்கன், உலர்ந்த இறைச்சியும் கொழுப்பும் சேர்ந்த வழியுணவாகும். சைவ வழியுணவில் அதே பணியைக் கடலை, எள், கொப்பரை, நெய் ஆகியன செய்கின்றன.

ஒரு நாளுக்கான மாதிரித் திட்டம்

| வேளை | பொருள்கள் (கிராம்) | எடை (கிராம்) | ஆற்றல் (கிலோகலோரி) |
|---|---|---|---|
| காலை | அவல் 100, வெல்லம் 40, துருவிய கொப்பரை 20 | 160 | 630 |
| முற்பகல் | கடலை மிட்டாய் 80 | 80 | 390 |
| நண்பகல் | வறுத்த சத்துமாவு 100, வெல்லம் 30, நெய் 10 | 140 | 575 |
| மாலை | பொரிகடலை 50, உலர்திராட்சை 30 | 80 | 275 |
| இரவு | அரிசி 120, பாசிப்பருப்பு 60, நெய் 20, பொடியும் வற்றலும் 30 | 230 | 895 |
| பருக | பால்பொடி 25, சீனி 20 | 45 | 205 |
| மொத்தம் | | 735 | 2970 |

இதில் புரதம் 70 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். உப்பை இதனுடன் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வியர்வையில் உப்பு வெளியேறுவதால் நடைப்பயணத்தில் ஊறுகாயும் மோர்மிளகாயும் சுவைக்கு மட்டும் உரியவை அல்ல. தீ மூட்ட இயலாத தடத்தில் இரவு உணவின் அரிசி, பருப்புக்குப் பதிலாக 120 கிராம் அவலும் 60 கிராம் பொரிகடலை மாவும் கொண்டால் எடையும் ஆற்றலும் ஏறத்தாழ அதே அளவில் இருக்கும்.

உணவை நாள்வாரியாகத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுவது நல்லது. பொருள்வாரியாகக் கட்டினால் முதல் இரு நாளில் சுவையானவை தீர்ந்து, கடைசி நாள்களில் வெறும் அரிசி மட்டும் எஞ்சும். ஈரப்பதமும் எடையும் மிகுந்தவற்றை முதலில் உண்ண வேண்டும். மலையில் மழையாலோ நோயாலோ பயணம் நீளக்கூடும் என்பதால், சமைக்கத் தேவையில்லாத ஒரு நாள் உணவைக் கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும்.

நீர்

உலர் உணவு எடையைக் குறைக்கும் அளவுக்கு நீர்த்தேவையைக் கூட்டுகிறது. மேற்கண்ட திட்டத்தில் அவல் ஊறவும் மாவு கரையவும் சோறு பருப்பு வேகவும் குடிநீர் நீங்கலாக நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீர் வேண்டும். நீரோடை இல்லாத தடத்தில் இந்நீரையும் சுமக்க நேர்ந்தால் உலர் உணவால் கிடைத்த எடைக்குறைவு பெரும்பாலும் இல்லாமற்போகும். குற்றாலத்தில் அருவிகள் பெருகும் ஆனி, ஆடி மாதங்களைக் கண்டு கோடையிலும் ஓடைகளில் நீர் இருக்கும் என எண்ணக் கூடாது. தடத்தின் நீர்நிலைகளைப் பருவத்தோடு சேர்த்து விசாரித்து அறிய வேண்டும்.

தூய்மை இதைவிட முதன்மையானது. சோறு வேகும்போது நீரும் கொதித்துத் தூய்மையாகிறது. அவலும் மாவும் கொதிக்காத நீரில் உண்ணப்படுகின்றன. ஆகவே தீயில்லாத உணவுத் திட்டத்தை மேற்கொள்வோர் வடிகட்டியையோ குளோரின் மாத்திரையையோ தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும். குளோரின் மாத்திரையிட்ட நீரை உறையில் குறிப்பிட்ட நேரம் வரை வைத்திருந்த பின்னரே அவலில் ஊற்ற வேண்டும்.

தீயும் உயரமும்

காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் நடைப்பயணக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, அவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. அனுமதிக்கப்பட்ட முகாம்களில் மட்டும் அடுப்பைப் பயன்படுத்தலாம். எனவே தமிழகத் தடங்களுக்குப் பகல் உணவு முழுவதையும் தீயில்லா உணவாகத் திட்டமிடுவதே பொருத்தமானது.

உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். அகத்தியர்கூடத்தின் உச்சியளவில் இது ஏறத்தாழ 94 பாகை செல்சியசு. இமயமலையில் 4000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 87 பாகை. அங்கு துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் அழுத்தக்கலன் இன்றி வேகா. வறுத்து அரைத்த மாவே இமய நாடுகளில் வழியுணவாக நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கட்டும் முறையும் காடும்

முன்னாளில் பனையோலைப் பெட்டியும் துணிமுடிச்சும் பயன்பட்டன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. களக்காடு முண்டந்துறை போன்ற புலிகள் காப்பகங்களுக்குள் நெகிழி கொண்டுசெல்லவும் கட்டுப்பாடு உண்டு. துணிப்பையின் உட்புறம் எண்ணெய்த்தாளும், ஈரம் புகாதிருக்க மீண்டும் பயன்படும் மூடியுள்ள இலேசான கலன்களும் ஏற்றவை. கண்ணாடிப் புட்டி எடையாலும் உடைதலாலும் பொருந்தாது.

குற்றாலத்தில் குரங்குகள் உணவுப்பையைப் பறிப்பது அங்குச் சென்ற எவரும் அறிந்ததே. காட்டில் கரடி, காட்டுப்பன்றி, யானை ஆகியவற்றையும் உணவின் மணம் ஈர்க்கும். உணவைக் கூடாரத்துக்குள் வைத்து உறங்குவதைத் தவிர்த்து, வழிகாட்டி காட்டும் இடத்தில் உயரக் கட்டித் தொங்கவிட வேண்டும். எஞ்சிய உணவை விலங்குகளுக்கு இடுவதும் தவறு. மனித உணவுக்குப் பழகிய விலங்கு அடுத்து வரும் பயணியை நெருங்கும்.

புறப்படும் முன்

திட்டமிட்ட உணவை வீட்டில் ஒரு நாள் முழுவதும் உண்டு பார்ப்பது பயனுள்ளது. அவல் ஊறும் நேரம், மாவு கட்டிதட்டாமல் கரையும் நீரளவு, வயிற்றுக்கு ஒத்துவராத பொருள் ஆகியன அப்போதே தெரிந்துவிடும். நெடுநாள் வைத்த கடலை, கொப்பரை, மாவு ஆகியவற்றில் எண்ணெய்ச் சிக்கு நாற்றம் உள்ளதா எனவும் பார்க்க வேண்டும். கடலையில் பூஞ்சை தென்பட்டால், அதில் அஃபிளாடாக்சின் என்னும் நச்சு இருக்கக்கூடும் என்பதால், முழுவதையும் விலக்கிவிட வேண்டும். நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளோர் வெல்லம், உப்பு, பயறு ஆகியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இவற்றையும் பார்க்க

கட்டுச்சோறு
அவல்
இருமுடி
பொதிகை மலை
பாவூர்சத்திரம்